ஸ்டிமுலேஷன் என்று நான் எழுதிய வரி

பிரசவ அறைப் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கைகளுக்கு,

கையுறை போடுவது, தையல் போடுவது, ஊசி மருந்தின் அளவு இதையெல்லாம் எங்கள் காலத்தைவிட உங்களுக்கு நன்றாகவே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதில் நான் சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை. சங்கரன்கோவிலிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கேஸ் ஷீட்டில் நீங்கள் தினமும் எழுதப்போகும் ஒரு சொல்லைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தச் சொல் ஸ்டிமுலேஷன்.

பச்சைக்குழந்தைக்கு மூச்சு வராதபோது என்ன செய்வது என்று எங்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. பயிற்சி கொடுத்த மருத்துவர் எடுத்த எடுப்பில் பலகையில் இந்தச் சொல்லை எழுதி, "இதுக்குத் தமிழ்ல என்ன?" என்று கேட்டார். தூண்டுதல் என்றோம். ஒருத்தி ஊக்கம் கொடுப்பது என்றாள். இன்னொருத்தி, "எங்க ஊர்ல உசுப்புததுன்னு சொல்லுவோம் சார்" என்றாள். போலீஸ்காரரைக் கட்டியிருந்த ஒரு அக்கா மட்டும், "எங்க வீட்டுல தூண்டுதல்னா அது கேஸு சார். கலவரத்தைத் தூண்டினான்னு தினமும் யாரையாவது பிடிச்சுக்கிட்டு வருவாரு" என்றாள். எல்லோரும் சிரித்தோம். மருத்துவரும் சிரித்துவிட்டு, ஒரு பொம்மையை எடுத்து மேசையில் கிடத்தினார். துணியால் துடை, முதுகைத் தேய், உள்ளங்காலை இரண்டு தடவை சுண்டு. அவ்வளவுதான் ஸ்டிமுலேஷன். அதற்கும் மூச்சு வரவில்லை என்றால் முதல் நிமிடம் முடிவதற்குள் பையும் முகமூடியும் வைத்துக் காற்றை அழுத்த வேண்டும். நாங்கள் வரிசையாக நின்று பொம்மையின் காலைச் சுண்டினோம். நான் நன்றாகச் செய்தேன் என்று அவர் சொன்னார்.

அதற்குப் பிறகு ஒரு வருடம்கூட ஆகவில்லை. கரிசல் காட்டு ஊர் ஒன்றின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் இருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் இருக்கும். மருத்துவர் வட்டாரக் கூட்டத்துக்குப் போயிருந்தார். பிரசவ அறையில் நானும் ஆயாம்மாவும் மட்டும். படுத்திருந்த பெண் பெயர் மாரிச்செல்வி. தலைப்பிரசவம். இருபத்திரண்டு வயது. புருஷன் விசைத்தறியில் வேலை. அவன் அவளுக்கு அத்தை மகன்தான். அந்த அத்தை, அதாவது மாமியார், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

குழந்தை பன்னிரண்டு பத்துக்குப் பிறந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னது நான்தான். பெண் குழந்தை. நீலம் பாரித்திருந்தது. கையும் காலும் நனைந்த துணி மாதிரித் தொங்கின. சத்தம் இல்லை.

தொப்புள்கொடியை வெட்டி, குழந்தையைச் சூடாக வைக்கும் வார்மரில் கிடத்தித் துடைத்தேன். முதுகைத் தேய்த்தேன். உள்ளங்காலைச் சுண்டினேன். ஒன்றும் இல்லை. மறுபடி தேய்த்தேன். அப்போது அது வாயைத் திறந்து ஒரு இழுப்பு இழுத்தது. எனக்கு உயிர் வந்தது. "வருது, வருது" என்றேன். இன்னும் வேகமாகத் தேய்த்தேன். கொஞ்சம் கழித்து இன்னொரு இழுப்பு. பிறகு ஒன்றும் இல்லை. மறுபடி கால். மறுபடி முதுகு.

அந்த இழுப்பு மூச்சு கிடையாது என்று எனக்குத் தெரியும். பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். தெரிந்தும் ஏன் தேய்த்துக்கொண்டே இருந்தேன் என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். பை எட்டும் தூரத்தில்தான் இருந்தது. பூட்டிய அலமாரியில் இல்லை. பழுதாகவும் இல்லை. ஆனால் அதுவரை அதை நான் பொம்மையின் முகத்தில் மட்டும்தான் வைத்து அழுத்தியிருந்தேன். பையைக் கையில் எடுத்தால் குழந்தைக்கு மூச்சு இல்லை என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி. தேய்த்துக்கொண்டிருக்கும் வரை ஏதோ செய்துகொண்டிருக்கிறோம் என்று ஒரு தைரியம். கை சும்மா இல்லை, அதனால் மனசு யோசிக்கவில்லை. உயிருள்ள குழந்தைக்கு முன்னால் பயப்படுவது தப்பில்லை. என் பயம் ஒரு வேலையின் வேஷத்தில் வந்தது. அதனால் அதைப் பயம் என்று என்னால் அடையாளம் காண முடியவில்லை.

ஆயாம்மா எந்தப் பயிற்சிக்கும் போனவள் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாது. அவள்தான் என் தோளைத் தொட்டு, "உசுப்பினது போதும் சிஸ்டர். அந்தப் பையை எடுங்க" என்றாள்.

எடுத்தேன். முதல் இரண்டு அழுத்தலுக்கு நெஞ்சு எழும்பவில்லை. தலையைச் சரியாக வைத்து, முகமூடியை மறுபடி பொருத்தி அழுத்தினேன். எழும்பியது. அப்படியே தொடர்ந்து அழுத்த, நெஞ்சு முதலில் சிவந்தது, பிறகு உதடு. கடைசியில் ஒரு அழுகை வந்தது. பூனைக்குட்டிச் சத்தம் அளவுக்குத்தான். கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தேன். பன்னிரண்டு பதினான்கு தாண்டியிருந்தது.

மாரிச்செல்வி தலையைத் தூக்கி, "அழுதுட்டாளா அக்கா?" என்றாள்.

"அழுதுட்டா. பொம்பளைப் பிள்ளை."

"நீங்க நல்லா இருக்கணும்" என்று படுத்தபடியே கையெடுத்துக் கும்பிட்டாள்.

எல்லாம் முடிந்து மேசைக்கு வந்து கேஸ் ஷீட்டை எழுதினேன். 'ஸ்டிமுலேஷன் கொடுக்கப்பட்டது. குழந்தை ஒரு நிமிடத்துக்குள் அழுதது.' முதல் வாக்கியம் உண்மைதானே என்று நினைத்துக்கொண்டேன். ஆயாம்மா தரையைத் துடைத்துக்கொண்டே, "எழுதியாச்சா சிஸ்டர்?" என்று கேட்டாள். ஆச்சு என்றேன். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மாலையில் மருத்துவர் வந்து குழந்தையைப் பார்த்தார். நிறம் நன்றாக இருந்தது. ஷீட்டைப் படித்தார். கையெழுத்துப் போட்டார். பால் சரியாகக் குடிக்கவில்லை, கொஞ்சம் சோர்வாக இருக்கிறது என்று அங்கே இருந்த இரண்டு நாளும் மாரிச்செல்வி சொன்னாள். தலைப்பிரசவம், பழகிவிடும் என்று நான் சொன்னேன். நான்கு நிமிடம் என்று எழுதியிருந்தால் அந்த மருத்துவர் அன்றைக்கே குழந்தையைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கவனிப்புக்கு அனுப்பியிருப்பார். அவர் அப்படிப்பட்டவர்தான். அனுப்புவதற்கு அவருக்கு ஒரு காரணமும் நான் கொடுக்கவில்லை.

அடுத்த வருடம் எனக்கு நகரத்து அரசு ஆஸ்பத்திரிக்கு மாறுதல் வந்தது. வளர்ச்சி தாமதமாகும் குழந்தைகளுக்கு அங்கே வாரம் ஒரு நாள் பயிற்சி நடக்கும். வியாழக்கிழமை தோறும் அங்கே உட்கார்ந்து பெயர் பதிவது, எடை பார்ப்பது என் வேலை. பர்வீன் என்று ஒரு பிசியோதெரபிஸ்ட். என்னைவிட இருபது வயது சின்னவள். அவள் மேசைக்கு மேல் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'ஆரம்பகாலத் தூண்டல் பயிற்சி' என்று தமிழிலும், ஏர்லி ஸ்டிமுலேஷன் என்று ஆங்கிலத்திலும். இந்தச் சொல்லுக்கு இங்கேயும் வேலை இருக்கிறது போல என்று முதல் நாள் நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை மாரிச்செல்வி வந்தாள். இடுப்பில் குழந்தை. கூடவே மாமியார். குழந்தைக்குப் பதினான்கு மாதம். கோமதி என்று பெயர் வைத்திருந்தார்கள். தலை நிற்கிறது, உட்கார வரவில்லை. வலது கையை மூடியே வைத்திருந்தாள். மாரிச்செல்வி என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"அத்தை, இந்த அக்காதான். இவங்கதான் அன்னைக்கு நம்ம பிள்ளையைத் தேய்ச்சுத் தேய்ச்சு அழ வச்சாங்க."

மாமியார் என்னைக் கும்பிட்டாள். எனக்கு அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை. எடை மெஷினைத் துடைக்கிற மாதிரி எழுந்து போய்விட்டேன்.

பர்வீன் டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கிப் படித்தாள். "பொறந்ததும் அழுதுருக்கா. அப்போ அதுல ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே எழுதினாள். பிறகு, "சொந்தத்துல கட்டுனதா?" என்று கேட்டாள்.

மாமியார் முந்திக்கொண்டாள். "எங்க வம்சத்துல இப்பிடி ஒரு பிள்ளை கெடையாது டாக்டரம்மா. இவதான், எட்டாம் மாசம் வயித்தைத் தூக்கிக்கிட்டுத் அவ அம்மா ஊரு திருவேங்கடத்துக்குப் பஸ்ல போனா. போகாதட்டின்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அந்த ரோட்டுல குலுங்கிக் குலுங்கிப் போயிருக்கா. பிள்ளை என்ன ஆகும்?"

மாரிச்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். அவளும் அதை நம்பிக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

பர்வீன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பயிற்சியைத் தொடங்கினாள். மாரிச்செல்வி கை நிறையச் சாமான் கொண்டுவந்திருந்தாள். கிலுகிலுப்பை, பீப்பீ, பாட்டுப் பாடும் பொம்மை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஆட்டி, "கோமதி, இங்க பாரு, இங்க பாரு" என்று கத்தினாள். வீட்டிலும் விடிந்ததிலிருந்து இப்படித்தான் செய்கிறாளாம். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதது.

பர்வீன் ஒவ்வொன்றாக வாங்கித் தனியே வைத்தாள். கிலுகிலுப்பையை மட்டும் எடுத்து, வலது பக்கம் ஒரு தடவை ஆட்டினாள். பிறகு சும்மா இருந்தாள்.

"ஆட்டுங்க டாக்டரம்மா" என்றாள் மாமியார்.

"ஆட்டியாச்சும்மா. இப்போ அவ முறை. நாம காத்துக்கிட்டு இருக்கணும்."

பத்து, பதினைந்து வரை மனசுக்குள் எண்ணியிருப்பேன். குழந்தையின் கண் மெதுவாகத் திரும்பியது. மூடியிருந்த விரல்களில் ஒன்று அசைந்தது. மாரிச்செல்விக்கு அழுகை வந்துவிட்டது.

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இதைத்தான் நினைத்தேன். நாம் தொடுகிறோம், பிறகு எதிரில் இருக்கும் உயிர் பதில் சொல்கிறதா என்று பார்க்கிறோம். இரண்டும் சேர்ந்ததுதான் ஸ்டிமுலேஷன். பிறந்த குழந்தையிடம் அந்தப் பதிலுக்கு நொடிக்கணக்கில்தான் நேரம். பதில் இல்லையென்றால் உடனே அடுத்த வேலைக்குப் போய்விட வேண்டும். பதினான்கு மாதக் குழந்தையிடம் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். நான் பிரசவ அறையில் தொட்டேன், தொட்டேன், தொட்டுக்கொண்டே இருந்தேன். பதிலைப் பார்க்கவே இல்லை.

மூன்று வாரம் நான் இதை யாரிடமும் சொல்லவில்லை. மாரிச்செல்வி ஒவ்வொரு வாரமும் வந்தாள். ஒருநாள் கோழிக்குழம்பு கொண்டுவந்து கொடுத்தாள். இன்னொரு நாள், மாமியார் தண்ணீர் குடிக்கப் போன நேரம், என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, உங்களுக்குத் தெரியும்லா. நான் பஸ்ல போனதுனாலயா இப்பிடி ஆச்சு? எங்க வீட்டுக்காரர் கேக்கதுக்குப் பதில் சொல்ல முடியல. எங்க அம்மாவுக்குக் காய்ச்சல்னு பாக்கப் போனேன். வேற ஒண்ணுக்கும் போகல."

"இல்லம்மா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். "பொறவு எதுனால?" என்றாள். மாமியார் வந்துவிட்டாள்.

அன்று பயிற்சி முடிந்து எல்லோரும் போனபிறகு பர்வீனிடம் சொன்னேன். கடிகாரம், இழுப்பு, பை, நான் எழுதிய வரி, எல்லாம். அவள் என்னைத் திட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. "சொந்தத்துல கட்டுனதால வந்ததான்னு பாக்க மதுரைக்கு ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பலாம்னு எழுதி வச்சிருந்தேன் சிஸ்டர். பொறப்புல பிரச்சனை இல்லைன்னு நம்பித்தான் எழுதுனேன்" என்றாள். கோப்பை மூடி வைத்துவிட்டு, "எழுத்துலயும் கொடுக்கணும். ஆனா அவங்ககிட்ட மொதல்ல நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

குழந்தைகள் நல மருத்துவர் ஒருவரிடமும் கேட்டேன். இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் இதைத் தெரியாமல் யாரும் சிகிச்சையை யோசிக்கக் கூடாது என்றார். பஸ் பயணத்தால் இப்படி ஆகாது என்று மட்டும் திட்டமாகச் சொன்னார்.

அடுத்த வியாழக்கிழமை மாரிச்செல்வியையும் மாமியாரையும் உள் அறையில் உட்கார வைத்துச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. "பிள்ளை பொறந்ததும் அழல. நாலு நிமிஷம் கழிச்சுத்தான் அழுதா. நான் சீக்கிரமே பை வச்சுக் காத்துக் கொடுத்திருக்கணும். பயந்துட்டேன். ஷீட்டுல ஒரு நிமிஷத்துக்குள்ளன்னு பொய் எழுதிட்டேன். அது தெரிஞ்சிருந்தா அன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பாங்க."

மாமியார் எழுந்துவிட்டாள். "என்னது? வருசம் ஒண்ணாச்சு, இப்போ வந்து சொல்லுதிய? ஒங்க கையையா நான் கும்பிட்டேன்? நீங்கெல்லாம் ஒரு நர்ஸா?" வெளியே நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் தடுக்கவில்லை. அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை.

மாரிச்செல்வி குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் நடந்ததை எழுத்து மூலமாக மேலதிகாரிக்குக் கொடுத்தேன். விளக்கம் கேட்டு மெமோ வந்தது. விசாரணை நடந்தது. பணிப்பதிவேட்டில் கண்டனம் ஏறியது. ஆயாம்மாவையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். "சிஸ்டர் சொன்னது நெசந்தான்" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டாளாம். கூட வேலை பார்த்தவர்களில் சிலர் என்னைக் கோபித்துக்கொண்டார்கள். யாரும் கேட்காத ஒன்றை நீயாகப் போய் ஏன் சொன்னாய் என்று. யாரும் கேட்கவில்லை என்பது சரியில்லை. ஒருத்தி கேட்டாள்.

இரண்டு வியாழக்கிழமை அவர்கள் வரவில்லை. என்னால் பயிற்சியும் நின்றுபோயிற்றே என்று நான் தவித்தேன். மூன்றாவது வாரம் வந்தாள். என்னைப் பார்க்காமல் நேராகப் பர்வீனிடம் போய் உட்கார்ந்தாள். பெயர் பதியும்போது என்னைத் தாண்டிச் சுவரைப் பார்த்துக்கொண்டு, "கோமதி" என்றாள். அதற்குப் பிறகு ஒரு வாரம்கூடத் தவறவில்லை. என்னிடம் பேசவும் இல்லை.

ஐந்தாறு மாதம் அப்படியே போயிற்று. ஒருநாள், எடை பார்த்துக்கொண்டிருக்கும்போது, திடீரென்று கேட்டாள்.

"நாலு நிமிஷமா?"

"ஆமா. கொஞ்சம் கூடவே இருக்கும்."

"பயந்துட்டியளா?"

"ஆமா."

"அப்போ நான் பஸ்ல போனதுனால இல்ல."

"இல்ல. அதை டாக்டரே சொல்லிட்டாரு."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். வராந்தாவில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அவள் மாமியார். "அத்தை, பஸ்ஸு பஸ்ஸுன்னு இனிமே ஒருநாளும் சொல்லக்கூடாது. எனக்கு முன்னாலயும் சொல்லக்கூடாது, எனக்குப் பின்னாலயும் சொல்லக்கூடாது" என்றாள். உள்ளே எனக்குக் கேட்டது.

கோமதி இரண்டு வயதில் உட்கார்ந்தாள். நான்கு வயதில் சுவரைப் பிடித்து நடந்தாள். வலது கை இன்றைக்கும் முழுதாக விரியாது. பேச்சு தெளிவாக வரும். பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள். முதல் நிமிடத்திலேயே பையை எடுத்திருந்தால் எப்படி இருந்திருப்பாள் என்று எனக்குத் தெரியாது. தெரியாமலேயே இருப்பதுதான் என் பங்கு.

தங்கைகளே, நீங்களும் தப்பு செய்வீர்கள். செய்யாதவர் இந்தத் தொழிலில் இல்லை. ஸ்டிமுலேஷன் என்று எழுதினால் எத்தனை தடவை, எத்தனை நொடி, பதில் வந்ததா, வராவிட்டால் அடுத்து என்ன செய்தீர்கள் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். அந்த வரியை வைத்துக்கொண்டுதான் பின்னால் வரும் ஒவ்வொருவரும் முடிவெடுப்பார்கள். நீங்கள் எழுதாத பழி வீட்டுக்குள் யார் தலையிலாவது போய் உட்காரும்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு மறுபடி பிரசவ அறையில் இருந்தேன். ஒருநாள் காலை மாரிச்செல்வி வலியோடு வந்து இறங்கினாள். இரண்டாவது பிரசவம். என்னைப் பார்த்து நின்றாள். நான் கிட்டே போய், "இன்னொரு சிஸ்டர் இருக்காங்கம்மா. அவங்களைப் பாக்கச் சொல்லுதேன்" என்றேன்.

வலி ஒன்று வந்து போகும் வரை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்:

"வேண்டாம். நீங்களே இருங்க. இனிமே நீங்க கடிகாரத்தைப் பாப்பிய."